மூன்றாம் ஓலை

செல்வமேரி தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்துகிறாள் என்றால் மணி ஏழு. அந்தச் சந்தில் பாதிப் பேர் அதைப் பார்த்துத்தான் ரேடியோவில் செய்தி போடுவார்கள். எதற்காகச் சாத்துகிறாள் என்று மட்டும் ஒருவருக்கும் தெரியாது. கொசுவுக்கு என்று நினைத்துக்கொண்டார்கள். மேற்குத் தாம்பரத்தில் கொசுவைச் சொன்னால் நம்பாதவர்கள் யார்? ஆனால் காலை ஏழு மணிக்கும் அதே ஜன்னல் அதே மாதிரி சாத்தப்பட்டது. காலையில் ஏது கொசு என்று ஒரே ஒரு ஆள் யோசித்திருந்தால் விஷயம் அன்றைக்கே வெளியே வந்திருக்கும். யோசிக்கிற சாதி நம்முடையது இல்லை.

ஜன்னலைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, திரையையும் இழுத்துவிட்ட பிறகுதான் அடுப்பில் கொதிக்கும் கிண்ணத்திலிருந்து கண்ணாடி சிரிஞ்சை இடுக்கியால் எடுப்பாள். தண்ணீர்ப் பானைக்குள் ஒரு டம்ளரில் நிறுத்தி வைத்திருக்கும் இன்சுலின் பாட்டிலைத் துடைத்துக் கொண்டு வருவாள். மகள் அமலராணி கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எண்பதாம் வருஷம், அவளுக்குப் பன்னிரண்டு வயதில் ஆரம்பித்த பூசை இது.

அந்த வருஷம் பெண் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். தின்றது எங்கே போனது என்று தெரியாமல் குச்சியாக இளைத்தாள். ஒருநாள் பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனை மணி அடிக்கும்போது சுருண்டு விழுந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: இவள் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை இவள் உடம்பே எதிரி என்று நினைத்து அழித்துவிட்டது, இனிமேல் ஆயுசு முழுக்க ஊசி. அப்பா ஏசுபாதம் ரயில்வே எலக்ட்ரிக் ஷெட்டில் வேலை பார்த்தவர். அவர் ஊசி போடக் கற்றுக்கொண்டார். அம்மா ஜன்னலைச் சாத்தக் கற்றுக்கொண்டாள்.

"எதுக்குடி சாத்துற? நம்ம பொண்ணு என்ன திருடிட்டாளா?" என்பார் அவர்.

"பொம்பளப் புள்ளைங்க. நாளைக்கு ஒருத்தன் வந்து கட்டணும். ஊருக்கெல்லாம் தண்டோரா போடணுமா?" என்பாள் அவள்.

எண்பத்தாறில் ஏசுபாதம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். ஜன்னல் பற்றிக் கேள்வி கேட்க வீட்டில் ஆள் இல்லாமல் போயிற்று. அப்படித்தான் செல்வமேரி நினைத்தாள். ஆள் வளர்ந்துகொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

அமலராணி சாதுவான பெண் இல்லை. காலையில் தன் சிறுநீரைச் சோதனைக் குழாயில் நீல மருந்தோடு காய்ச்சி, பச்சை வந்தால் ஒரு மாதிரி, செங்கல் நிறம் வந்தால் வேறு மாதிரி என்று இன்சுலின் அளவைத் தானே முடிவு செய்துகொள்வாள். வகுப்பில் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கினால் டீச்சர் முன்னாலேயே பெப்பர்மிண்டை வாயில் போட்டுக் கடக்கென்று கடிப்பாள். கோயிலில் பூசை நடக்கும்போதும் அதே கடக். நற்கருணை வாங்கும் வரை விரதம் இருக்காமல் தின்கிற பெண் என்று முக்காடு போட்ட பெண்கள் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள். அப்புறம் அவர்கள்தான் முதலில் ஜெபப் புத்தகத்தைப் பிரிப்பார்கள்.

விலங்கியல் படித்து முடித்துவிட்டு அவள் வேலைக்குப் போன இடம் சேலையூரில் ஒரு சின்ன ஆராய்ச்சிக்கூடம். வெளியிலிருந்து பார்த்தால் மாடி வீடு, உள்ளே போனால் எலி. நடத்தியவர் சத்தியநாதன் என்ற டாக்டர், கூச்ச சுபாவம், கண்ணாடி எப்போதும் மூக்கு நுனியில். அவர் கேட்ட முதல் கேள்வி, "எலிக்குச் சர்க்கரை நோய் வரவச்சு, அதைச் சரிபண்ணப் பாக்கறோம். அருவருப்பா இருக்காதா?"

"எனக்கே சர்க்கரை சார். பன்னெண்டு வயசுலேர்ந்து. எலியை விட எனக்கு சீனியாரிட்டி ஜாஸ்தி."

வாயைத் திறக்காதே என்று அம்மா ஆயிரம் தடவை சொல்லி அனுப்பியிருந்தாள். டாக்டர் சிரித்துவிட்டு வேலையைக் கொடுத்தார். ஆராய்ச்சி அறைக்குள் தின்பண்டம் கூடாது என்பது விதி. அதனால் அறை வாசலில் ஒரு ஆணி அடித்து, அதில் அமலாவின் மிட்டாய்ப் பை தொங்கியது. வருகிறவர் போகிறவர் எல்லாரும் அதென்ன என்று கேட்பார்கள். அவள் சொல்லுவாள். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் அவள் சர்க்கரைக்காரி. கேட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் மூச்சு விடக்கூடாது. இதுதான் அவள் பிழைப்பு.

அங்கே நடந்த வேலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இன்சுலின் சுரக்கும் செல்கள் கணையத்தில் குட்டிக் குட்டித் திட்டுகளாக இருக்கும். நல்ல எலியிடமிருந்து அவற்றை எடுத்து நோய் எலிக்கு வைத்தால் போதாதா? போதாது. அந்நியம் என்று தெரிந்ததும் உடம்பின் காவல்காரர்கள் பாய்ந்து வந்து கொன்றுவிடுவார்கள். அதற்கு ஒரு தந்திரம். கடல்பாசியிலிருந்து எடுக்கும் கூழில் அந்தச் செல்களைக் கலந்து, மெல்லிய ஊசி வழியாகச் சொட்டுச் சொட்டாக ஒரு சுண்ணாம்புச் சத்துக் கரைசலில் விட வேண்டும். விழுந்த சொட்டு அப்படியே உறைந்து ஜவ்வரிசி மாதிரி மணியாகிவிடும். அதற்கு மேலே ஒரு மெல்லிய தோல். அந்தத் தோலில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள். சர்க்கரை உள்ளே போகும், இன்சுலின் வெளியே வரும், கொல்ல வருகிறவர்கள் மட்டும் நுழைய முடியாது. கொசுவலைக்குள் காற்று வருகிறது, கொசு வருகிறதா? அதே கணக்கு. மணிகளை எலியின் வயிற்றுக்குள் வைத்துத் தைத்துவிட்டால், வேலை செய்கிற வரைக்கும் அந்த எலிக்கு ஊசி வேண்டாம்.

மணி சொட்டுவது அமலாவின் வேலை. அவள் வயிற்றில் இல்லாத செல்கள் அவள் கண்ணெதிரே குமிழ் குமிழாகத் தட்டில் மிதக்கும். ஆரம்பத்தில் ஒருநாள் டாக்டரிடம் கேட்டாள்.

"மனுஷங்களுக்கு எப்போ சார்?"

"தெரியாதும்மா. யாராவது பத்து வருஷம்னு சொன்னா நம்பாதே. நானே சொன்னாலும் நம்பாதே."

அந்தப் பதிலுக்காகவே அவளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அதன் பிறகு அவள் கேட்கவில்லை. காலை ஏழு, மாலை ஏழு என்று ஊசி போட்டுக்கொண்டாள், நடுவில் மணி சொட்டினாள்.

ஆனால் குடும்பத்தில் ஒருவர் இருந்தார், தாய்மாமன் சவுரிமுத்து. கிழக்குத் தாம்பரத்தில் அச்சகம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை அடிப்பதில் பேர் போன கை. ஊர்க் கல்யாணமெல்லாம் தன் கையில்தான் முடிகிறது என்று ஒரு நினைப்பு. தொண்ணூற்று மூன்றில் ஒருநாள் செய்தித்தாளைச் சுருட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"மேரி! அமெரிக்காவுல ஒரு ஆளு வவுத்துல வச்சே பூட்டாங்கோ! நம்ம அமலா சொட்டுது பாரு, அதே மணி! பேப்பர்லயே போட்டுக்கீறான்!"

செல்வமேரி அந்தச் செய்தியை வாசித்தாள் என்று சொல்ல முடியாது. கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கத்தரித்து, அந்தோணியார் படத்துக்குப் பின்னால் செருகி, மெழுகுவர்த்தி ஏற்றினாள். அமலா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். ஒருத்தருக்கு வைத்திருக்கிறார்கள், எத்தனை நாள் நிற்கும் என்று அவர்களுக்கே தெரியாது, நமக்கு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கேட்டால்தானே. அம்மாவும் மாமாவும் மறுநாளே டாக்டரைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள், ஒரு தூக்கு நிறைய அதிரசத்தோடு. சர்க்கரை நோய் ஆராய்ச்சிக்கூடத்துக்கு அதிரசம் கொண்டுபோன குடும்பம் உலகத்திலேயே இவர்கள்தான்.

"டாக்டர், எம் பொண்ணுக்கு வயசு ஏறுது. அந்த மணியை அவளுக்கும் வச்சு விட்டீங்கன்னா..." என்று செல்வமேரி கையைக் கூப்பினாள்.

"அம்மா, இது எலிக்கு மட்டும்தான். மனுஷங்களுக்கு இப்போதைக்கு இல்ல. வைக்க எங்களுக்கு அனுமதியும் இல்ல, தைரியமும் இல்ல."

"இன்னா சார் நீங்கோ," என்றார் சவுரிமுத்து. "எலிக்கே ஒத்துக்குதுன்னா எங்க பொண்ணுக்கு ஒத்துக்காதா? இத்தினி வருஷமா உங்க கூடவே கீது. கொஞ்சம் பாத்துச் செய்யுங்க சார்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். வாசலில் நின்ற அமலாவுக்கு ஆத்திரமும் வந்தது, சிரிப்பும் வந்தது, கடைசியில் அழுகையும் வந்தது. மணித் தட்டைக் கழுவ உள்ளே போய்விட்டாள். அம்மா என்னவோ அன்றைக்கு மனசு நிறைந்துதான் திரும்பினாள். 'இப்போதைக்கு இல்லை' என்று டாக்டர் சொன்னதில் 'இப்போதைக்கு' மட்டும்தான் அவள் காதில் விழுந்தது. இன்னும் ஒன்றிரண்டு வருஷத்தில் வந்துவிடும் என்று அவளாகவே தேதி குறித்துவிட்டாள். அதுவரைக்கும் காதும் காதும் வைத்த மாதிரி மூடிக்கொண்டால் போயிற்று. மணி வந்ததும் வைத்துவிடலாம், நோய் இருந்த சுவடே தெரியாது.

அந்தத் தைரியத்தில்தான் மாப்பிள்ளை பார்த்தாள்.

மாப்பிள்ளை லாசரஸ், கீழ்க்கட்டளைக்காரன். மீனம்பாக்கத்தில் விமான சரக்கு அலுவலகத்தில் குமாஸ்தா. அப்பா இல்லை, அம்மா ஞானம்மாள் ஒருத்திதான். அவள் வாய்க்கு ஊரே பயப்படும். பெண் பார்க்க வந்த அன்று எல்லாரும் பேசி முடித்த பிறகு லாசரஸ் மெதுவாகக் கேட்டான், "எலியப் பாத்தா பயமா இல்லீங்களா?"

"எலிக்குத்தான் என்னைப் பாத்தா பயம்," என்றாள் அமலா.

அவன் சிரித்த சிரிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. மறைத்துச் சொல்ல என்ன இருக்கிறது, நன்றாகவே பிடித்திருந்தது. அன்று ராத்திரியே அம்மாவிடம் கேட்டாள்.

"அவங்ககிட்ட சொல்லிட்டியா?"

"எல்லாம் சொல்லியாச்சு. பெரிய மனசு பண்ணி ஒத்துக்கிட்டாங்க. நீ போய் அதையே திரும்பத் திரும்பப் பேசி அவங்க மனசைக் கலைக்காத."

அம்மா பொய் சொல்லுவாள் என்று அமலாவுக்குத் தெரியும். இவ்வளவு பெரிய பொய் சொல்லுவாள் என்று தெரியாது. நிச்சயதார்த்தம் நடந்தது. சவுரிமுத்து பத்திரிகை அச்சடித்தார். ஓலை வாசிக்க ஆரம்பித்தார்கள்.

ஓலை என்றால், கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடியும் நேரத்தில் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று சாமியார் அறிவிப்பார். தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்பார். சொல்லவா போகிறார்கள்? வாசித்து முடித்ததும் மூக்கைச் சீந்திக்கொண்டு எழுந்து போவார்கள். அந்தக் குடும்பங்களில் இன்னொரு வழக்கமும் உண்டு. தன் பேர் ஓலையில் வாசிக்கப்படும் பூசைக்குப் பெண் போகக்கூடாது. வெட்கம் கெட்டவள் என்பார்கள். அன்றைக்கு மட்டும் விடியற்காலைப் பூசையைப் பார்த்துவிட்டு வந்து வீட்டோடு இருக்க வேண்டும்.

முதல் ஓலை ஆயிற்று. இரண்டாம் ஓலை அன்று சாயங்காலம் ஞானம்மாள் கூறைப் புடவையைக் காட்டக் கொண்டு வந்தாள். கூடவே ஒரு டப்பா லட்டு. ஒன்றை எடுத்து மருமகளாக வரப்போகிறவள் வாயருகே நீட்டினாள்.

"துண்ணும்மா. குச்சியாட்டம் கீறியே, கண்ணாலத்துக்குள்ள கொஞ்சம் சதை போட வேணாமா?"

"எனக்குச் சர்க்கரை இருக்கே ஆன்ட்டி. ஊசி போடறேனே. அம்மா சொல்லலியா?"

ஞானம்மாளின் கை அப்படியே நின்றது. அமலா அம்மாவைப் பார்த்தாள். அம்மா சுவரைப் பார்த்தாள். ஒரு நொடியில் எல்லாம் புரிந்துபோயிற்று.

சவுரிமுத்து பெரிதாகச் சிரித்தார். "சம்பந்தி, இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு ஒடம்பு பெருத்துடுமோன்னு பயம். லட்டு வேணாம்னு சொல்றதுக்கு ஒரு நொண்டிச் சாக்கு. எலிக்குப் போடற ஊசியைத் தனக்குப் போடறேன்னு வெளாடுது. நாலு எழுத்துப் படிச்சாலே பேஜார்தான்!"

ஞானம்மாளும் சிரித்தாள். அமலா மறுபடியும் வாயைத் திறப்பதற்குள் பேச்சு பந்தியில் யார் யார் உட்காருவது என்பதற்குப் போய்விட்டது. வாய்விட்டுச் சொன்ன சொல்லை அவள் கண்ணெதிரே துணி போட்டு மூடினார்கள்.

விருந்தாளி போனதும் அவள் பிடித்துக்கொண்டாள். "கல்யாணம் ஆகி அந்த வீட்டுக்குப் போனா நான் எப்படிம்மா ஊசி போடறது?"

"மெதுவா, குளிக்கற ரூம்ல... இல்லன்னா முதல் நாலஞ்சு நாள் போடாம சமாளிச்சுக்கோ. கஞ்சி மாதிரி குடிச்சுக்கோ. அப்புறம் மறுவீட்டுக்கு இங்க வந்துடுவ இல்ல? அதுக்கப்புறம் அந்த மணி..."

"நாலஞ்சு நாளா? ஒரு நாள் விட்டா வாந்தி. ரெண்டு நாள் விட்டா ஆஸ்பத்திரி. அதுக்கும் மேல விட்டா கூறைப் புடவையோடவே பொட்டியில வைக்க வேண்டியதுதான். உனக்குத் தெரியாதா? பன்னெண்டு வயசுல பாத்தியே?"

செல்வமேரி அழுதாள். அழுதாளே தவிர மசியவில்லை. "உங்கப்பா இருந்தா நான் ஏண்டி இப்படிப் பொய் சொல்லிக்கிட்டு நிக்கப்போறேன்?" என்றாள். அமலா அவளை விட்டுவிட்டு லாசரஸிடமே சொல்லிவிடப் பார்த்தாள். அந்த வாரம் இரண்டு தடவை மீனம்பாக்கத்துக்குப் போன் போட்டாள். ஒரு தடவை லாசரஸ் இல்லை. இன்னொரு தடவை இருந்தான், சொன்னாள். "உங்க மாமா அப்பவே ஆபீசுக்கு வந்து சொன்னாருங்க, நீங்க ரொம்ப தமாஷான ஆளுன்னு" என்று சிரித்துவிட்டு, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டான். மாமா முந்திக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை ஆராய்ச்சிக்கூடத்தில் குண்டன் செத்தான். குண்டன் என்பது அவர்கள் வைத்திருந்ததிலேயே பேர் பெற்ற எலி. வயிற்றில் மணிகளோடு மாசக்கணக்கில் ஊசி இல்லாமல் கொழுகொழுவென்று திரிந்தவன். சமீபமாக அவன் சிறுநீர் மறுபடியும் செங்கல் நிறத்துக்குத் திரும்பியிருந்தது. அமலா ரொம்பவும் செல்லம் கொடுத்த எலி. வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். பளிங்கு மாதிரி தனித்தனியாக இருந்த மணிகள் இப்போது ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகக் கிடந்தன. ஒவ்வொன்றையும் சுற்றி வெள்ளையாக, தடிப்பாக, உடம்பு தானே நெய்து போர்த்திய நார்த்திசு. நறுக்கி நுண்ணோக்கியில் வைத்தால் உள்ளே இருந்த செல்களில் உயிர் இல்லை.

"உள்ள நுழைஞ்சு யாரும் அடிக்கல சார். தோல் அப்படியே முழுசா இருக்கு," என்றாள் அமலா.

"ஆமா. மேல மூடிக்கிட்டே போயிருக்கு. மூச்சு முட்டிச் செத்திருக்கு." டாக்டர் நுண்ணோக்கியை விட்டு எழுந்தார், மறுபடியும் உட்கார்ந்து பார்த்தார். அத்தனை வருஷ உழைப்பு அவருக்கு.

அமலா அந்தக் கட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வாசல் ஆணியில் தொங்கிய பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்குக் கூட நிற்காமல் தாம்பரம் வரைக்கும் நடந்தே வந்தாள். கேட்டைத் தாண்டும்போது அவள் முடிவு செய்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை. மூன்றாம் ஓலை அன்று மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் கோயிலுக்குப் பூசைக்கு வந்து, அப்படியே பெண் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு. ஞானம்மாள் பட்டுப் புடவையில் முன் வரிசையில் இருந்தாள். எதிர்ப்பக்கம் ஆண்கள் வரிசையில் லாசரஸ், பக்கத்தில் சவுரிமுத்து. வீட்டில் இட்லி வேகவைத்துக்கொண்டிருக்க வேண்டிய அமலா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கடைசித் தூணுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். நற்கருணை கொடுத்து முடிந்தது. சாமியார் தாளை எடுத்தார்.

"கீழ்க்கட்டளைப் பங்கைச் சேர்ந்த லாசரஸ் என்பவரும், நம் பங்கைச் சேர்ந்த காலஞ்சென்ற ஏசுபாதத்தின் மகள் அமலராணியும் திருமணம் செய்துகொள்ள விரும்புகிறார்கள். இவர்களுக்குத் திருமணத் தடை ஏதும் இருப்பதாகத் தெரிந்தவர்கள் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். இது மூன்றாம் ஓலை."

"எனக்குத் தெரியும் ஃபாதர்."

கோயில் மொத்தமும் திரும்பிற்று. அமலா முக்காட்டை எடுத்துவிட்டு நடுப்பாதையில் நடந்து வந்தாள். செல்வமேரி "அடிப் பாவி" என்று பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான் அந்த அமலராணி. எனக்குச் சர்க்கரை நோய். பன்னெண்டு வயசுலேர்ந்து தினம் ரெண்டு ஊசி போடறேன். போடலன்னா செத்துருவேன். இது லட்டு வேணாம்னு சொல்ற சாக்கு இல்ல, தமாஷும் இல்ல. இன்னும் மருந்து வரல. வரும்னு சொல்லி என்னை மூடி வச்சிருக்காங்க. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியணும். அதுக்கப்புறம் வேணுமா வேணாமான்னு அவங்க சொல்லட்டும்."

சாமியாருக்கு வியர்த்தது. பாவம், குருமடத்தில் இதற்கெல்லாம் பாடம் கிடையாது. "உட்காரும்மா. சர்க்கரை வியாதி... திருச்சபைச் சட்டப்படி அது தடை ஆகாது," என்றார்.

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார்.

"உங்க சட்டத்துல தடை இல்ல ஃபாதர், சந்தோஷம். தெரிஞ்சா சொல்லணும்னு நீங்கதான் கேட்டீங்க. சொல்லிட்டேன்."

ஞானம்மாள் எழுந்தாள். புடவைத் தலைப்பை உதறிக்கொண்டு வெளியே போனாள். லாசரஸ் எழுந்து அமலாவை ஒரு தடவை பார்த்தான், அம்மா பின்னாலேயே போனான். அவன் நின்றிருக்கலாம் என்று அமலா ஆசைப்பட்டது நிஜம். சர்க்கரை இறங்குவது தெரிந்தது. மிட்டாயை எடுத்து எல்லார் எதிரிலும் பிரித்தாள். அந்த நிசப்தத்தில் கடக் என்ற சத்தம் பீடம் வரைக்கும் கேட்டிருக்கும்.

அப்புறம் அவள் வாழ்க்கை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள், அதை முதலில் சொல்லிவிடலாம். ஆராய்ச்சிக்கூடத்துக்கு உதவி நின்றுபோய் தொண்ணூற்றேழில் மூடிவிட்டார்கள். அமலா முடிச்சூர் ரோட்டில் சின்னதாக ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்று வைத்தாள். தெரு பார்த்த நாற்காலியில் உட்கார்ந்துதான் ஊசி போட்டுக்கொள்வாள். பெண்பிள்ளைக்குச் சர்க்கரை என்று முக்காட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு வருகிற தாய்மார்களை அந்த நேரத்துக்கு வரச்சொல்லி, எதிரிலேயே உட்காரவைத்துப் போட்டுக் காட்டுவாள். லாசரஸ் வேறு இடத்தில் கட்டிக்கொண்டான். நன்றாக இருக்கட்டும். மணி இன்னும் வரவில்லை. வந்தால் முதல் ஆளாக வயிற்றைக் காட்டுவேன் என்பாள், வராவிட்டாலும் நான் இருப்பேன் என்பாள்.

ஆனால் கதை முடிந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான்.

கோயிலிலிருந்து வந்ததும் செல்வமேரி வீட்டு ஜன்னல், கதவு எல்லாவற்றையும் சாத்திவிட்டாள். மகளோடு பேசவில்லை. சவுரிமுத்து வந்து ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "அடிச்ச பத்திரிகையை இன்னா பண்றது? ஊருக்குள்ள தலை காட்ட முடியுமா?" அமலா காலையில் சமைத்ததை எடுத்துப் போட்டு, அளவாகச் சாப்பிட்டாள். ஊசி போடுகிறவளுக்குப் பட்டினி கிடந்து கோபம் காட்ட வசதி கிடையாது.

பொழுது சாயும் நேரத்தில் ஞானம்மாள் வந்தாள், கூட லாசரஸும். நிச்சயதார்த்தத்துக்குக் கொடுத்த புடவையையும் மோதிரத்தையும் தாம்பாளத்தோடு நடு வீட்டில் வைத்தாள். சாத்தின ஜன்னலுக்கு வெளியே சந்து மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது உள்ளே தெரிந்தது.

"நோய்க்காரப் பொண்ண எம் பையன் தலையில கட்டப் பாத்தீங்களே, நீங்க நல்லா இருப்பீங்களா? இத்தினி வருஷமா மூடி வச்சுகினு இருந்துக்கீறீங்க, தெருவுல ஒருத்தருக்குத் தெரியல. இன்னா நெஞ்சழுத்தம்! இதெல்லாம் ஒரு பொண்ணா? கோயில்ல எல்லார் எதிருலயும் என் மூஞ்சில கரியப் பூசிட்டா. இவளை இனிமே எவன் கட்டுவான்?"

சவுரிமுத்து கையைப் பிசைந்தார். "தப்பு எங்கமேலதான் சம்பந்தி, பொண்ணு மேல இல்ல, கொஞ்சம் மெதுவா..." என்று இழுத்தார். அமலா எழுந்திருக்கப் போனாள். அதற்குள் சுவர்க் கடிகாரம் ஏழு அடித்தது.

செல்வமேரி எழுந்தாள். நேராக ஜன்னலுக்குப் போனாள். வழக்கம்போலச் சாத்தப் போகிறாள், ஏற்கனவே சாத்தித்தானே கிடக்கிறது என்று அமலா நினைத்தாள். செல்வமேரி திரையை ஒதுக்கினாள். தாழ்ப்பாளை எடுத்தாள். இரண்டு கதவையும் விரியத் திறந்துவிட்டாள். வெளியே நின்ற கூட்டம் ஒரு அடி பின்னுக்குப் போயிற்று.

"கொஞ்சம் இருங்க," என்றாள் ஞானம்மாளைப் பார்த்து. "எம் பொண்ணுக்கு ஊசி போடற நேரம்."

உள்ளே போய்க் கொதிக்கிற கிண்ணத்தோடும் இன்சுலின் பாட்டிலோடும் வந்தாள். பிளாஸ்டிக் சிரிஞ்சு கடைக்கு வந்து வருஷங்கள் ஆகியும் அவள் விடாத அந்தக் கண்ணாடி சிரிஞ்சை இடுக்கியால் எடுத்தாள். தாம்பாளத்தைக் காலால் ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு, ஜன்னலுக்கு நேரே மகளை உட்காரவைத்தாள். காலேஜுக்குப் போன நாளிலிருந்து தானே போட்டுக்கொள்கிற அமலா இன்றைக்குக் கையை அம்மாவிடம் கொடுத்தாள். செல்வமேரியின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. ஏசுபாதம் போடுவதைப் பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்ட கை மட்டும் கொஞ்சமும் ஆடவில்லை. ஞானம்மாள் வாய் திறந்தபடியே நின்றாள்.

"வலிக்குதா?" என்று லாசரஸ் கேட்டுவிட்டான். அவனுக்கே தெரியாமல் வந்த கேள்வி.

"பழகிடுச்சு," என்றாள் அமலா. "இங்க எல்லாருக்கும் பழகிடும்."

செல்வமேரி ஊசியை எடுத்து, பஞ்சால் ஒற்றி, சிரிஞ்சைக் கிண்ணத்தில் வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகளின் தோள்மேல் கையை வைத்தபடி நிமிர்ந்தாள்.

"இப்ப பேசுங்க," என்றாள். "ஜன்னல் தொறந்துதான் இருக்கு, சத்தமாவே பேசுங்க."